முச்சலிக்காவில் எழுதப்பெறும் மக்கள்

(செஞ்சியில் நடைபெற்ற நம் சங்கத்து மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இலக்கியப் பொருள் ஒன்றை எடுத்துப் பேசுக என்றே செயலாளர் அவர்கள் எம்மைப் பணித்தனர். தமிழாசிரியன் ஒருவன் மேடையேறினால் கம்பரும் வள்ளுவரும் உடன் ஏறுதல் வழக்கம். இன்று அவர்களைப் பெரிதும் தொல்லைப்படுத்தாது வேறொரு பொருளைப் பேச இடம் பெற்றுக்கொண்டோம். கணவனும் மனைவியும் பிரிந்தவிடத்துக் குழந்தை யாருடன் வாழ்வது, உடன் வாழாதவர் அக்குழந்தையைக் காண்பது எங்ஙனம், மணம் செய்துகொள்ளாமலே தந்தையான ஒருவனுக்குத் தன் மகவின்பால் உள்ள பொறுப்பு யாது என்பனவே அப்பொருள்.

இதனை எடுத்தற்குக் காரணம் நம் சங்கத்துச் சமரசக் குழுவின் ஏடுகளே. பிணங்கிய குடும்பங்களை நீதிமன்றத்துக்குப் போகவிடாது பேசித் தீர்த்துவைக்கும் அக்குழுவின் தொண்டினை யாம் குறைவாக எண்ணுவோம் அல்லோம். எத்துணையோ வீடுகளில் அடுப்பு மீண்டும் எரிந்தது அப்பெரியோர்களால்தான். ஆயினும் அவர்கள் எழுதிவைத்த முச்சலிக்காக்கள் சில எம் பார்வைக்கு வந்தன. நகை இத்தனை சவரன், வெண்கலப் பாத்திரம் இத்தனை, இரும்புப் பெட்டி ஒன்று, கட்டில் ஒன்று என்று வரிசையாக எழுதி, அதே வரிசையில் அதே கையெழுத்தில், ‘ஆண் குழந்தை ஒன்று தகப்பன் வீட்டாருக்கு’ என்று எழுதப்பட்டிருந்தது. அதன்கீழ், இனி இக்குழந்தையைக் குறித்து எவ்வித உரிமையும் கோருவதில்லை என்று தாயின் கையொப்பம். வேறோர் ஏட்டில் பெண் குழந்தையைத் தாய்க்கு ஒப்புவித்து, அதன் செலவுக்குத் தந்தையை இனிக் கேட்பதில்லை என்று முடித்திருந்தனர். கட்டிலுக்கும் குழந்தைக்கும் இடையே ஒரு கோடுகூடக் கிழிக்கப்படவில்லை.

இவ்வாறு எழுதி வாங்கிய ஏட்டுக்குச் சட்டத்தில் உள்ள மதிப்பு யாது? நம் பக்கத்து ஊராகிய செங்கற்பட்டு நீதிமன்றத்தில் தொடங்கி இலண்டன் வரையிற் சென்ற வழக்கு ஒன்று இவ்வினாவிற்கு நூறு ஆண்டுகளுக்கு முன்னரே விடை கூறியுள்ளது. அதனைச் சற்று விரித்துரைப்போம்.

மதனப்பள்ளியிற் பிறந்த ஜே. கிருஷ்ணமூர்த்தி என்னும் ஞானியார் பெயரை நீங்கள் கேட்டிருத்தல் கூடும். அவருடைய தந்தையார் நாராயணையா என்பவர், அரசாங்க வருவாய்த்துறையில் வேலைபார்த்து ஓய்வு பெற்றவர். தாயார் 1905இல் இறந்துவிட்டார். 1909இல் நாராயணையா தம் மக்களுடன் சென்னை அடையாற்றில் இருந்த பிரம்மஞான சங்கத்துக்கு வந்து சேர்ந்தார். அச்சங்கத்தின் தலைவி அன்னி பெசண்டு அம்மையார், கிருஷ்ணமூர்த்தி, நித்தியானந்தன் என்னும் அவருடைய இரு பிள்ளைகளின் வளர்ப்பைத் தாம் மேற்கொண்டார். 1910 மார்ச்சு மாதத்தில் தந்தையார் ஒரு பத்திரம் எழுதி, அம்மையாரைத் தம் மக்களுக்குக் காப்பாளராக நியமித்துக் கையொப்பமும் இட்டுக் கொடுத்தார். பார்த்தீர்களா, முச்சலிக்கா ஒன்று பிறந்துவிட்டது.

பின்னர்த் தந்தையாரின் மனம் மாறியது. பிள்ளைகள் பழகிவந்தவருள் ஒருவர்பால் அவருக்கு நம்பிக்கை இல்லை. தம் மகனை மனிதப்பிறவிக்கு மேம்பட்டவனாக வைத்துப் போற்றுதலும் அவருக்கு ஒவ்வவில்லை. அதற்குள் அம்மையார் 1912இல் பிள்ளைகளை இங்கிலாந்துக்கு அழைத்துச் சென்றுவிட்டார். அவ்வாண்டிலேயே தந்தையார் செங்கற்பட்டு ஜில்லா நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். வழக்குச் சென்னை உயர்நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டது. தந்தையாருக்காக வாதாடியவர் சி. பி. இராமசாமி ஐயர், அம்மையார் தம் வழக்கைத் தாமே நின்று பேசினார். 1913இல் நீதிபதி பேக்வெல் தந்தையார் பக்கம் தீர்ப்பளித்தார். அம்மையாரின் மேல்முறையீட்டிலும் அதுவே நிலைத்தது. அம்மையார் பிரிவி கௌன்சிலுக்குச் சென்றார். 1914இல் அங்கே தீர்ப்பு மாறி, தந்தையாரின் வழக்குத் தள்ளப்பட்டது.

அத்தீர்ப்பின் முடிவைவிட அதன் காரணங்களே நமக்கு வேண்டியவை. தந்தையின் காப்பாளர் பதவி ஒரு புனிதமான நம்பகப் பொறுப்பு. அதனைப் பத்திரம் எழுதி மற்றொருவர்க்குக் கைமாற்றிவிட இயலாது. பிள்ளையின் வளர்ப்பைப் பிறரிடம் ஒப்படைத்தாலும் அவ்வொப்படைப்பைத் திரும்பப் பெறும் உரிமை தந்தைக்கு உண்டு என்று கூறினர். இவ்வளவில் தந்தையார்க்கே வெற்றி. ஆனால் அதனோடு நின்றார் அல்லர். ஒப்படைப்பின்வழி வாழ்ந்த குழந்தைக்குப் புதிய பழக்கமும் எதிர்பார்ப்பும் உண்டாகி, அவற்றைக் கலைத்தல் குழந்தைக்கு நன்றன்று என நீதிமன்றம் கண்டால், தந்தை திரும்பப் பெறுதலையும் தடுக்கலாம் என்றனர். மேலும், பிள்ளைகள் செங்கற்பட்டு ஜில்லாவில் வழக்கமாக வசித்தாரல்லர். ஆகவே அந்நீதிமன்றத்துக்கு அதிகாரம் இல்லை என்றனர். இவை எல்லாவற்றினும் எம் உள்ளத்தைத் தொட்டது வேறொன்று. இருவர் வழக்காடினர், இரண்டு நீதிமன்றங்கள் தீர்ப்பளித்தன, பிள்ளைகள் சார்பில் பேசுவார் ஒருவரும் இல்லை, அவர்தம் விருப்பத்தை எவரும் கேட்டாரும் இல்லை என்பதனையும் பிரிவி கௌன்சில் எடுத்துக்காட்டிற்று.

இவ்விடத்தில் இன்னொரு செய்தி. இவ்வழக்கில் வென்ற அம்மையார், தாமும் ஒருகாலத்தில் பிள்ளையைப் பறிகொடுத்தவர். 1873இல் கணவரைப் பிரிந்தபோது எழுதிக்கொண்ட பத்திரத்தின்படி மகள் மேபெல் தாயிடமும் மகன் தந்தையிடமும் வாழ்வது என்று ஏற்பாடு. தாய் கடவுட்கொள்கையை மறுத்துப் பேசுகிறார் என்றும், குடும்பக் கட்டுப்பாட்டு நூல் ஒன்றை வெளியிட்டார் என்றும் காரணம் காட்டி, 1878இல் இங்கிலாந்து நீதிமன்றம் மகளைத் தாயினின்று பிரித்துத் தந்தையிடம் சேர்ப்பித்தது. பத்திரம் அன்றும் நிற்கவில்லை. பருவம் எய்தியபின் அம்மக்கள் இருவரும் தாமாகவே தாயைத் தேடி வந்தனர். தாயின் கொள்கைகளைப் பற்றி எவர் எவ்வாறு கருதினும், அவற்றைக் காரணமாக்கிக் குழந்தையைப் பிரித்தது கொடுமை என்பதே எம் கருத்து.

ஆதலின், பெற்றோர் தம் நகையை விட்டுக்கொடுத்து எழுதலாம். நிலத்தை விட்டுக்கொடுத்து எழுதலாம். குழந்தையை விட்டுக்கொடுத்து எழுதுதல் நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது. சென்னையிலிருந்து சென்ற ரோசி ஜேக்கப் வழக்கில் 1973இல் உச்ச நீதிமன்றம், மக்கள் பெற்றோரின் உடைமையும் அல்லர், விளையாட்டுப் பொருளும் அல்லர் என்னும் கருத்தினை வலியுறுத்தியது. குழந்தை யாரிடம் இருப்பது என்பது பற்றி நீதிமன்றமே இட்ட உத்தரவும் இறுதியானதன்று, நிலைமை மாறின் அதுவும் மாறும் என்றும் அவ்வழக்கு கூறும். நீதிமன்றத்தின் உத்தரவே மாறத்தக்கதெனின், நம் சமரசக் குழுவின் ஏடு எம்மாத்திரம்!

இனி இன்றைய சட்டம் யாது எனச் சுருங்கக் காண்போம். 1890ஆம் ஆண்டுக் காப்பாளர் சட்டம் இன்றும் நடப்பில் உள்ளது. குழந்தை வழக்கமாக வசிக்கும் மாவட்டத்தின் நீதிமன்றத்திலேயே மனுச் செய்தல் வேண்டும். குடும்ப நீதிமன்றம் அமைந்த இடத்தில் அதுவே விசாரிக்கும். குழந்தைக்கு ஆய்ந்து விரும்பும் அறிவு வந்திருப்பின் அதன் விருப்பத்தையும் கருதலாம் என்று அச்சட்டமே கூறுகிறது. 1956ஆம் ஆண்டு இந்து இளவர் காப்பாளர் சட்டமோ, மணவாழ்விற் பிறந்த குழந்தைக்குத் தந்தையும் ‘அவர்க்குப் பின்’ தாயும் இயற்கைக் காப்பாளர் என்றும், ஐந்து ஆண்டு நிரம்பாத குழந்தை பெரும்பாலும் தாயிடம் இருத்தல் வேண்டும் என்றும் விதித்தது. எவர் காப்பாளர் ஆயினும் குழந்தையின் நலமே தலையாயது என்று அச்சட்டத்தின் 13ஆம் பிரிவு முடித்துக் கூறுகிறது.

அந்தப் ‘பின்’ என்னும் ஒரு சொல்லால் விளைந்த வழக்கு, சொல்லாராய்ச்சியிற் பழகிய எம்போன்றார்க்கு விருந்து. கீதா ஹரிஹரன் என்னும் எழுத்தாளர் தம் மகன் பெயரில் ரிசர்வ் வங்கிப் பத்திரம் வாங்க விண்ணப்பித்தார். தந்தை உயிருடன் இருக்கத் தாய் எங்ஙனம் காப்பாளர் ஆவார் என்று வங்கி மறுத்தது. கணவரும் மனைவியும் ஒற்றுமையாக இருந்து, தாயே காப்பாளராக இருக்கட்டும் என்று இருவரும் இசைந்திருந்தும் மறுத்தது! 1999 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், ‘பின்’ என்பதற்குத் தந்தையின் இறப்புக்குப் பின் என்று மட்டும் பொருள் கொள்ளற்க, தந்தை பொறுப்பேற்று நில்லாவிடத்து என்றும் பொருள் கொள்க எனத் தீர்த்தது. தந்தை தொலைவில் இருப்பினும், குழந்தையைப் பற்றிக் கவலையற்று இருப்பினும், இருவரும் இசைந்து தாயிடம் விட்டிருப்பினும் தாய் காப்பாளரே.

ஆண் குழந்தை வம்சத்துக்கு உரியது, பெண் குழந்தை தாய்க்குச் சுமை என்று பிரித்துக்கொடுக்கும் நம் வழக்கத்துக்கு இச்சட்டங்களில் எங்கும் இடமில்லை. திருக்குறளில் ஏழாம் அதிகாரத்துக்குப் பரிமேலழகர் ‘புதல்வரைப் பெறுதல்’ என்று பெயர் கொண்டார். ‘மக்கட்பேறு’ என்பதே இன்று பெருவழக்கு. அப்பெரியாரின் உரை நயத்துக்கு யாம் அடிமைப்பட்டவர். இப்பெயர் ஒன்றில் மட்டும் உலகவழக்கின் பக்கமே நிற்போம். உடன்பிறந்தாரை ஆணென்றும் பெண்ணென்றும் பிரித்து இரண்டு ஊரில் வளர்த்தால், பெற்றோரிடையே நேர்ந்த ஒரு பிரிவு மக்களிடையே மற்றொரு பிரிவும் ஆகின்றது.

அடுத்து, உடன் வாழாத பெற்றோர் குழந்தையைக் காணுதல். இதனை நம் முச்சலிக்காக்கள் ஒரு வரியிலும் சொல்வதில்லை. விளைவு என்ன? காணவேண்டிய தந்தையோ தாயோ பள்ளிக்கூட வாயிலில் வந்து நிற்கின்றனர். பள்ளிக்கூடத்தில் வேலைபார்ப்பவர் ஆதலின் இதனை யாம் அறிவோம். மணி அடித்ததும் பிள்ளைகள் ஓடிவரும் நேரத்தில், ஒரு கையில் பலகாரப் பொட்டலத்துடன் புளியமரத்தடியில் நிற்பவரைக் கண்டால் குழந்தை ஓடிச்சென்று கட்டிக்கொள்ளுமா, கண்டும் காணாததுபோல் போகுமா என்று ஆசிரியர்கள் எங்களுக்கே நெஞ்சு அடித்துக்கொள்ளும். கட்டிக்கொண்டால் வீட்டில் அடி. காணாததுபோற் போனால் இரவெல்லாம் அழுகை. எட்டு வயதுப் பிள்ளைக்கு இந்தத் தீர்ப்பை நாம் விட்டுவைக்கலாமா?

2020இல் யாஷிதா சாகு வழக்கில் உச்ச நீதிமன்றம், பிரிந்த பெற்றோர் இருவரின் அன்பும் குழந்தைக்கு உரிமை என்றது. ஒருவரிடம் குழந்தை வாழின் மற்றவர் நேரில் வந்து காண வழி செய்தல் வேண்டும். தொலைவில் இருப்பின் தொலைபேசியிலோ முகம் பார்த்துப் பேசும் கருவியிலோ நாள்தோறும் ஐந்து பத்து நிமிடமேனும் பேச வகைசெய்தல் வேண்டும் என்றது. நம் ஊரிலிருந்து பெங்களூருக்கும் வளைகுடா நாட்டுக்கும் சென்று வேலைசெய்வார் பலர். அவர்க்கு இது பெரிதும் உதவும். பணம் கொடுத்தாற் காணலாம், காணவிட்டாற் பணம் தருவோம் என்று இரண்டையும் கூட்டிப் பேரம் பேசுவார் சிலர். செலவுப் பணம் குழந்தையின் உணவுக்கும் படிப்புக்கும் உரியது. காட்சி குழந்தையின் நெஞ்சுக்கு உரியது. ஒன்றைப் பிடித்துவைத்து மற்றொன்றை வாங்குதல் தகாது.

நம் இராஜகிரியின் அடிவாரத்தில் அமர்ந்து இதனைப் பேசுங்கால் ஒரு பழஞ்செய்தி நினைவுக்கு வருகின்றது. 1689இல் மராட்டியரின் இராய்கட் கோட்டை முகலாயர் கைப்பட்டபோது, சம்பாஜியின் மனைவி யேசுபாயும் ஏழு வயது மகன் ஷாஹுவும் சிறைப்பட்டனர். அப்பிள்ளையின் சிற்றப்பன் இராஜாராம் தப்பி வந்து தங்கியதே நம் செஞ்சிக் கோட்டை. 1698இல் அது வீழும்வரையில் மராட்டிய அரசு இங்கிருந்து நடைபெற்றது. கோட்டை முற்றுகையை நாம் ஆண்டுதோறும் கதையாகப் பேசுகின்றோம். அச்சிறுவனோ 1707 வரையில், தன் இளமை முழுதையும், பகைவர் பாசறையிற் கழித்தான். அவனை விடுவித்தபின்னும் தாயைப் பிணையாக வைத்துக்கொண்டு 1719இல்தான் அனுப்பினர். அரசியலில் பிள்ளையைப் பிணைவைப்பர். நம் வீட்டு வழக்குகளிலும் மாமனார் வீட்டாரும் மருமகள் வீட்டாரும் அதனையே செய்வதைக் காண்கின்றோம்.

இனி, பேசத் தயங்கும் பகுதிக்கு வருவோம். மணமின்றிப் பிறக்கும் குழந்தைகள் நம் சமூகத்தில் இல்லை என்று ஒருவரும் ஆணையிட்டுக் கூற இயலாது. பண்டும் இருந்தனர். கோவலன் மாதவியை மணந்தானல்லன். அவர்கள் மகள் மணிமேகலை ஒரு காப்பியத்தின் தலைவி. மாதவி தன் மகளைக் கண்ணகியின் மகள் என்றே உரைக்கின்றாள். சாத்தனார்க்கு அவள் பிறப்பைப் பற்றிக் கூச்சம் இல்லை. நமக்குத்தான் உள்ளது.

மணமின்றிப் பிறந்த குழந்தைக்குத் தாயே முதற் காப்பாளர், அவர்க்குப் பின்னரே தந்தை என்பது 1956ஆம் ஆண்டுச் சட்டம். தந்தை பின்னிடத்தில் உள்ளார் என்பதனால் அவர் கடமையினின்று நீங்கினார் என எண்ணற்க. குழந்தை மணத்திற் பிறந்ததாயினும் அன்றாயினும் தந்தை ஜீவனாம்சம் அளித்தல் வேண்டும். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவாக இருந்த அவ்விதி, 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தின் 144ஆம் பிரிவாக நடப்பில் உள்ளது. தந்தை மறுத்தால் மெய்ப்பிக்கும் சுமை தாயினுடையது. மரபணுச் சோதனையை நீதிமன்றம் தேவை கண்டு ஆணையிடலாம், கேட்டவுடன் ஆணையிடுவதில்லை. சொத்துரிமையில் வேற்றுமை உண்டு. செல்லாத மணத்திற் பிறந்த மக்கள் பெற்றோரின் பங்கிற் பங்கு பெறுவர் என்று 2023இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்திற்று. மணமே நிகழாதவிடத்து, இந்து வாரிசுச் சட்டத்தின்படி குழந்தை தாய்வழி உறவாகவே கொள்ளப்படும். அத்தகைய தந்தை தன் மகவுக்கு ஏதேனும் சேர வேண்டுமென மெய்யாகவே விரும்பினால் உயில் எழுதிவைத்தல் வேண்டும். கண்ணீர் வடித்தல் போதாது.

இங்கிலாந்தில் 1989ஆம் ஆண்டு மக்கள் சட்டம், பெற்றோரின் ‘உரிமை’ என்பதனைப் பின்னே தள்ளிப் ‘பெற்றோர் பொறுப்பு’ என்னும் சொல்லை முன்வைத்தது. மணவாத தந்தை தாயுடன் உடன்படிக்கை செய்தோ நீதிமன்ற உத்தரவாலோ அப்பொறுப்பைப் பெறலாம் என்றது. 2003 டிசம்பர் முதல், தாயுடன் சேர்ந்து பிறப்புப் பதிவேட்டில் தன் பெயரை எழுதிக்கொண்டாலே பெறுகின்றான். முன்வந்து கையொப்பமிட்டவன் தந்தை. நம் சட்டத்தில் இத்தகைய எளிய வழி இல்லாமை ஒரு குறையென்றே யாம் கருதுகின்றோம். ஓடி ஒளியும் தந்தையைப் பிடிக்க நம்மிடம் சட்டம் உண்டு; விரும்பி வரும் தந்தைக்கு நீதிமன்றப் படியேறுதல் ஒன்றே வழி.

2015இல் தில்லியிலிருந்து உச்ச நீதிமன்றம் சென்ற வழக்கில், மணமாகாத தாய் ஒருவர் தாமே காப்பாளராக விண்ணப்பித்தார். தந்தைக்கு அறிவிப்பு அனுப்பியே ஆகவேண்டும் என்று கீழ்நீதிமன்றங்கள் கூறின. தாயின் பெயரும் வழக்கேட்டில் மறைக்கப்பட்டது. பிறந்தது முதல் எட்டிப்பாராத தந்தைக்கு அறிவிப்பு வேண்டுவதில்லை என்று உச்ச நீதிமன்றம் தீர்த்தது. பின்னொருநாள் அவர் அக்கறையுடன் வருவாராயின் உத்தரவை மாற்றக் கேட்கலாம் என்று கதவையும் திறந்தே வைத்தது. மணமாகாத தாய் உறுதிமொழிப் பத்திரம் ஒன்று கொடுத்தாலே பிறப்புச் சான்றிதழ் வழங்கவேண்டும் என்றும், பள்ளியிற் சேர்க்கத் தந்தை பெயர் கட்டாயம் அன்று என்றும் அத்தீர்ப்பிற் காணலாம்.

அரசாங்கப் பள்ளிக்கூடம் கேளாத ஒன்றை நம் சங்கத்துக் கல்வி நிதி கேட்கின்றது. விண்ணப்பத்தாளில் ‘தகப்பனார் பெயர், கையொப்பம்’ என்று ஒரு கட்டம். அது வெறுமையாக இருந்தால் விண்ணப்பம் திரும்பிவிடும். சென்ற ஆண்டு அவ்வாறு திரும்பிய தாள்களுள் ஒன்று, கணக்கில் முதல் மதிப்பெண் பெற்ற மாணவியினுடையது. அவள் தாய் நம்மவர். தந்தை யாவர் என்பது நமக்கு வேண்டுவதன்று.

ஆதலின் இரண்டு வேண்டுகோள்களைச் செயலாளர் அவர்களிடம் எழுத்தில் கொடுத்துள்ளோம். ஒன்று, சமரசக் குழு இனிக் குழந்தையைப் பொருட்பட்டியலில் எழுதாது, தனித் தாளில் எழுதுக. குழந்தை எங்கே வாழ்கிறது, எந்தப் பள்ளியிற் படிக்கிறது, மற்றவர் எந்நாளில் எவ்விடத்தில் காண்கிறார், மாதம் எவ்வளவு பணம் எந்தத் தேதியில் வருகிறது என எழுதி, ஏட்டின் மேற்புறத்தில் குழந்தையின் பெயரை இடுக. அதனை விழுப்புரம் நீதிமன்றத்தில் வைத்து உத்தரவாகப் பெறுக. வக்கீல் செலவுக்கு அஞ்ச வேண்டுவதில்லை. 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பெண்டிர்க்கும் குழந்தைகட்கும் வருமானம் பாராது மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவச உதவி செய்யும். 15100 என்னும் எண்ணுக்குத் தொலைபேசியிற் கேட்கலாம். மற்றொன்று, கல்வி நிதித் தாளில் ‘தகப்பனார்’ என்பதனை நீக்கித் ‘தாய், தந்தை அல்லது காப்பாளர்’ என்று அச்சிடுக. புதிய தாளின் மாதிரி இம்மேசைமேல் உள்ளது. அடுத்த செயற்குழுவுக்கு முன் படித்துப்பார்த்து, குறை காண்பவர் பென்சிலால் ஓரத்திற் குறித்துக் கொடுக்கலாம்.